கண்ணுக்குப் புலப்படாத நஞ்சும் ஒரு புகைப்படமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்நேரத்தில் இன்று ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். வானொலியில் புகைப்படமா என்று நீங்கள் கேட்கலாம். ஒலிவாங்கியின் முன்னால் படத்தை உயர்த்திப் பிடித்தாலும் உங்களுக்கு அது தெரியப்போவதில்லை. ஆயினும் இப்படத்தைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியே ஏற்ற இடம் என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தை உரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

புகைப்படக் கருவி ஒளியை மட்டுமே அறியும். ஒளி பட்டுத் திரும்பாத எதையும் அதனால் பதிவு செய்ய இயலாது. அப்படியானால் நிறமில்லாத, மணமில்லாத, சுவையில்லாத ஒரு நஞ்சை அது எவ்வாறு காட்டும்? இதற்கு நிகரான கேள்வி கவிஞனுக்கும் உண்டு. சொல்லுக்குள் அகப்படாததைச் சொல்லால் எவ்வாறு உணர்த்துவது? நம் முன்னோர் இக்கேள்விக்கு விடை தேடிய போதுதான் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்டு, சொல்லப்பட்ட பொருளுக்கு அப்பால் குறிப்பாய் நிற்கும் பொருளை இனங்கண்டனர். ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் இலக்கியத்துக்குப் புறம்பானதன்று.

யப்பானின் தென்பகுதியில் உள்ள பெருந்தீவு கியூஷு. அத்தீவின் குமமோட்டோ மாகாணத்தில், ஷிரானுய் கடலின் கரையில் மினமாட்டா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. தொல்காப்பியர் கண்டிருந்தால் ஐயமின்றி நெய்தல் என்று சொல்லியிருப்பார். அமைதியான உள்நாட்டுக் கடல், மரத்தோணிகள், வலை உலர்த்தும் முற்றங்கள், மீனும் சிப்பியுமே அன்றாட உணவு. அந்த ஊரில் 1908ஆம் ஆண்டு ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. பின்னாளில் சிஸ்ஸோ என்ற பெயரால் உலகம் அறிந்த நிறுவனம் அதனை நடத்தியது. ஊரில் தொழில் பெருகியது, வரி பெருகியது, கடைகள் பெருகின. தொழிற்சாலையில் வேலை கிடைத்த வீட்டுக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது.

1932ஆம் ஆண்டு அங்கே அசற்றல்டிகைட்டு என்னும் பொருளின் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அதற்கு ஊக்கியாகப் பாதரசச் சேர்வை ஒன்று பயன்பட்டது. உற்பத்தியின்போது ஒரு சிறு பங்கு மெதைல் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. நீரில் அதன் அளவு மிகச் சிறிது. ஆனால் அது சேற்றில் வாழும் சிற்றுயிர்களில் சேர்ந்தது. அவற்றைத் தின்ற சிறு மீனில் பெருகியது. சிறு மீனைத் தின்ற பெரு மீனில் இன்னும் பெருகியது. இவ்வாறு படிப்படியாகச் செறிந்து இறுதியில் மனிதனின் உணவுத் தட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மீன் புதிதாகவே இருந்தது, சுவையாகவே இருந்தது. கழுவினாலும் காய்ச்சினாலும் அந்த நஞ்சு போவதில்லை. அது குருதியிலிருந்து மூளைக்குச் செல்ல வல்லது. தாயின் சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலிருக்கும் சிசுவையும் சேர வல்லது.

முதலில் பேசியவை கருப்பொருள்கள். ஒரு திணைக்குரிய பறவை, விலங்கு, நீர், உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். மினமாட்டாவில் 1950களின் முற்பகுதியில் மீன்கள் செத்து மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே தடுமாறி வீழ்ந்தன. பூனைகள் வெறிபிடித்தவை போலச் சுழன்று கடலில் வீழ்ந்து மாண்டன. ஊரார் அதற்குப் பூனைகளின் நடன நோய் என்று பெயர் வைத்தனர். பெயர் வைத்த பின் அதனோடு வாழப் பழகிவிட்டனர். நிலம் தன் மொழியில் எழுதிய செய்யுள் அவர்கள் கண்முன் விரிந்து கிடந்தது. அதன் இறைச்சிப் பொருளை உணரத்தான் ஆளில்லை.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடக்கவும் பேசவும் தடுமாறிய ஒரு சிறுமி தொழிற்சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில நாட்களில் அவளுடைய தங்கையும் அவ்வாறே வந்தாள். மே மாதம் முதலாந் திகதி, அம்மருத்துவமனையின் பணிப்பாளரான டாக்டர் ஹொசொகவா ஹாஜிமே, நரம்புத் தொகுதியைத் தாக்கும் இனந்தெரியாத நோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். அந்நாளே மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாகக் கொள்ளப்படுகிறது. கைகால் மரத்தல், பார்வை குழாய் வழியே பார்ப்பது போலச் சுருங்குதல், நாக்குக் குழறல், நடை தள்ளாடல், வலிப்பு என அதன் அறிகுறிகள் நீண்டன.

1959ஆம் ஆண்டு யூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேதனப் பாதரசமே காரணம் என்று அறிவித்தனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஹொசொகவா தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பூனைக்குத் தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து கொடுத்து வந்தார். அப்பூனையின் இலக்கம் 400. அது மினமாட்டாப் பூனைகளைப் போலவே சுழன்றது. நிறுவனத்துக்கு விடயம் தெரிந்தது. ஆனால் அம்முடிவு வெளியிடப்படவில்லை. அவ்வாண்டு முடிவில் கழிவுநீரைச் சுத்திகரிப்பதாகச் சொல்லி ஒரு பொறி விழாவெடுத்துத் திறந்துவைக்கப்பட்டது. அது பாதரசத்தை அகற்றும் பொறியன்று. டிசெம்பர் 30ஆந் திகதி நோயாளரின் குடும்பங்களோடு ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. இறந்த ஒருவருக்கு 3 இலட்சம் யென். அதன் பெயர் இழப்பீடு அன்று, அனுதாபப் பணம். பிற்காலத்தில் தொழிற்சாலையே காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்ற வாசகமும் அதில் இருந்தது. காரணத்தை அறிந்திருந்தவர்கள், அறியாதவர்களிடம் பெற்ற கையொப்பம் அது. கழிவுநீர் 1968 வரை கடலுக்குச் சென்றது. தொழிற்சாலையே காரணமென்று யப்பானிய அரசு ஏற்றுக்கொண்டதும் அந்த ஆண்டு செப்டெம்பரில்தான்.

நேயர்களே, இந்த நஞ்சு மூன்று முறை மறைந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் இயற்கை அதனை மறைத்தது. நிறமும் மணமும் இல்லாமல் அது வந்தது. அடுத்து அறிந்தவர்கள் மறைத்தனர். பூனை 400 இன் குறிப்பு வெளிவராமல் இருந்தது. மூன்றாவது மறைப்பு ஊருக்குள்ளேயே நடந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நோய் தொற்றும் என்று அஞ்சி அயலவர் விலகினர். வீட்டில் நோயாளர் உண்டு என்று தெரிந்தால் மூத்தவளுக்குக் கலியாணம் பேசி வரமாட்டார்கள். மீன் விலைபோகாது. தொழிற்சாலை மூடப்பட்டால் ஊரே பட்டினி கிடக்கும் என்ற பயம் வேறு. ஆகவே வீட்டின் பின்னறையில் பிள்ளையைக் கிடத்திக் கதவைச் சாத்தினர். முதலிரண்டு மறைப்புகளையும் விஞ்ஞானியும் சட்டத்தரணியும் உடைக்கலாம். மூன்றாவதை உடைக்க அந்தக் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். கதவைத் திறப்பதற்கு உள்ளே இருப்பவரின் மனமும் வேண்டும்.

1960ஆம் ஆண்டு குவபரா ஷிசெய் என்ற யப்பானிய இளைஞர் அக்கதவைத் தட்டினார். அப்போது அவர் இருபதுகளில் இருந்தார். மருத்துவமனை விறாந்தைகளையும் மீனவர் வீடுகளையும் அவர் படம்பிடித்தார். 1962இல் ரோக்கியோவில் கண்காட்சி வைத்தார், 1965இல் நூலாக்கினார். மினமாட்டாவின் முகம் என்று நாடு முதன்முதலிற் கண்டவற்றுள் அவருடைய படங்கள் முக்கியமானவை.

அடுத்து வந்தவர் கமரா ஏந்தியவர் அல்லர். மினமாட்டாவில் வாழ்ந்த இல்லத்தரசி, இஷிமுரே மிச்சிகோ. நோயாளரின் வீடுகளுக்குச் சென்று, அவர்களின் அருகே இருந்து, 1969இல் ‘குகாய் ஜோதோ’ என்ற நூலை வெளியிட்டார். துயரக் கடலில் ஒரு தூய உலகம் என்று அத்தலைப்பின் கருத்தைச் சொல்லலாம். மருத்துவ அறிக்கையும் அரசாங்கக் கடிதமும் ஒரு பக்கம். அப்பிரதேசத்து மீனவரின் பேச்சுமொழி மறுபக்கம். அறிக்கை மொழியில் நோயாளி ஓர் இலக்கம். பேச்சுமொழியில் அவர் கடலை நினைத்து ஏங்கும் ஒரு மனிதர். நாவலா ஆவணமா என்று வகைப்படுத்த இயலாத அந்நூலுக்கு 1970இல் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அதனை ஏற்கவில்லை. 1973இல் மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2018இல் அவர் காலமானார். பிரதேச வழக்கு இலக்கியத்துக்கு ஆகுமா ஆகாதா என்று நாம் ஈழத்தில் நடத்திய நெடும் விவாதத்தை அறிந்தவர்களுக்கு, இந்த அம்மையாரின் நூல் ஒரு நல்ல விடையாக அமையும்.

1971இல் அமெரிக்கரான யூஜீன் ஸ்மித் தம் மனைவி ஐலீன் மியோகோ ஸ்மித்துடன் மினமாட்டாவுக்கு வந்தார். லைப் சஞ்சிகையில் பணிபுரிந்து புகழ்பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் பசுபிக் களங்களைப் படம்பிடித்து, 1945இல் ஒக்கினாவாவில் படுகாயமுற்றவர். ஓர் எறிகணை அவருடைய முகத்தையும் கையையும் சிதைத்தது. சில வாரங்கள் தங்கிப் படமெடுத்துத் திரும்புவது பத்திரிகையாளர் வழக்கம். ஸ்மித் தம்பதியர் அவ்வூரில் வீடு வாடகைக்கு எடுத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தனர். கடைக்குப் போகும் வழியில் நோயாளரைக் கண்டனர். அவர்களோடு தேநீர் அருந்தினர். அவர்களின் ஊர்வலத்தில் நடந்தனர். தாம் நடுநிலையாளர் என்று ஸ்மித் சொல்லிக்கொள்ளவில்லை. நேர்மையாக இருப்பேன் என்பதே அவருடைய நிலைப்பாடு. 1972 சனவரியில், ரோக்கியோவுக்கு அண்மையிலுள்ள சிபா மாகாணத்து கோயி தொழிற்சாலைக்கு நோயாளர் குழுவொடு சென்றபோது அவர் தாக்கப்பட்டார். அக்காயம் அவருடைய பார்வையைப் பாதித்தது. பார்வை சுருங்கும் நோயைப் படம்பிடிக்க வந்தவர் தம் பார்வையையே ஈடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவருடைய படங்களில் கடலுக்குள் கழிவுநீரைக் கொட்டும் குழாய் உண்டு. வலை இழுக்கும் மீனவர் உண்டு. கோணிப்போன ஒரு கை உண்டு. நீதிமன்ற வாயிலில் இறந்தோரின் உருவப்படங்களை ஏந்தி நிற்கும் உறவினர் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக உலகம் நினைவில் வைத்தது ஒரேயொரு படத்தைத்தான். 1971 டிசெம்பரில் ஒரு வீட்டின் குளியலறையில் அது எடுக்கப்பட்டது. தாய் தன் பதினைந்து வயது மகளைத் தொட்டியில் இருத்திக் குளிப்பாட்டுகிறாள். நோய் பதிவான அதே 1956இல், கருவிலேயே நஞ்சைப் பெற்றுப் பிறந்த மகள். இதற்குமேல் நான் அப்பிள்ளையின் உடலை வர்ணிக்கப் போவதில்லை. தாயின் முகத்தை மட்டும் சொல்கிறேன். அவள் கமராவைப் பார்க்கவில்லை. உலகத்திடம் எதையும் கேட்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும் எந்தத் தாயும் பார்ப்பது போலத் தன் பிள்ளையைப் பார்க்கிறாள்.

அப்படத்தில் தொழிற்சாலை இல்லை. குழாய் இல்லை. செத்த மீன் இல்லை. இருப்பது சுத்தமான வெந்நீரும் ஒரு தாயும் ஒரு மகளும். மாசு எங்கே? படத்துக்குள் அது எங்குமில்லை. படம் முழுவதும் அதுவே இருக்கிறது. அந்தத் தாய் தன் மகளைக் குடும்பத்தின் செல்வம் என்று அழைத்தாளாம். தன் உடலில் இருந்த நஞ்சையெல்லாம் இவள் உறிஞ்சிக்கொண்டாள், அதனால்தான் நானும் இவளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் நலமாயிருக்கிறோம் என்பது அவளுடைய நன்றியுணர்வு. இதை நான் முதன்முதலில் வாசித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1972 யூன் 2ஆந் திகதிய லைப் சஞ்சிகையில் மினமாட்டாப் படங்கள் வெளியாகின. அம்மாதத்திலேயே ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித சுற்றாடல் மாநாடு நடைபெற்றது; மினமாட்டா நோயாளர் சிலர் நேரிற் சென்று தம் உடலையே சாட்சியாகக் காட்டினர். 1973 மார்ச் 20ஆந் திகதி குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் நோயாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1959ஆம் ஆண்டின் அனுதாபப் பண உடன்படிக்கை செல்லாது என்றும் அது கூறியது. பூனை 400 இன் உண்மையை, 1970இல் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி ஹொசொகவா சாட்சியமாகச் சொல்லியிருந்தார். சில மாதங்களில் அவர் மறைந்தார். ஒரு புகைப்படம்தான் இவ்வளவையும் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன். அது மிகைக்கூற்று. நோயாளரின் போராட்டமே அடிப்படை. ஆனால் மூன்றாவது மறைப்பை உடைத்ததில் அப்படத்துக்குப் பங்கு உண்டு. பின்னறைக் கதவைத் திறந்து, இது வெட்கப்பட வேண்டிய காரியமன்று, வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு என்று சொல்ல அந்தப் பெற்றோர் துணிந்தனர்.

இங்கே இன்னொரு சாட்சியத்தையும் குறிப்பிட வேண்டும். யப்பானியக் குடும்பங்களில் பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்தி, சிறு மரப்பெட்டியில் இட்டு, பிறந்த திகதியோடு பாதுகாக்கும் வழக்கம் உண்டு. மினமாட்டா நோயாளருக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர் ஹராடா மசஸூமி அப்பெட்டிகளைத் தேடிச் சென்றார். உலர்ந்த கொடிகளில் மெதைல் பாதரசம் இருந்தது. தொழிற்சாலையின் உற்பத்தி கூடிய ஆண்டுகளில் அதுவும் கூடியிருந்தது. கமராவால் எடுக்க முடியாத படத்தை ஒவ்வொரு தாயும் அறியாமலே எடுத்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

இனி, தொடக்கத்தில் சொல்லாது விட்ட காரணத்துக்கு வருகிறேன். நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். உயர்தர வகுப்பில் இறைச்சி, உள்ளுறை பற்றிய பாடம் வரும்போது, பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து வெட்டி மட்டையில் ஒட்டிவைத்த அந்தக் குளியலறைப் படத்தைப் பல ஆண்டுகளாக மாணவருக்குக் காட்டி வந்தேன். சொல்லாமற் சொல்வது என்றால் என்ன என்று விளக்க அதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை என் கற்பித்தலின் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓராண்டு, பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், படம் எடுக்க முந்தி அந்தப் பிள்ளையிட்டை ஆராவது கேட்டவையோ?”

தாயும் தகப்பனும் சம்மதித்தார்கள் என்று சொன்னேன். அவன் இருந்துவிட்டான். என் விடை அவன் கேட்ட கேள்விக்கு உரியதல்ல என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரிந்தது. அதன்பின்தான் தேடி வாசித்தேன். படம் எடுக்கப்பட்ட ஆறு ஆண்டுகளில், 1977இல், அந்தப் பெண் இருபத்தொரு வயதில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு ஸ்மித்தும் மறைந்தார். ஆனால் படம் நூல்களிலும் கண்காட்சிகளிலும் சுவரொட்டிகளிலும் தொடர்ந்து வாழ்ந்தது. இப்படிப்பட்ட பிள்ளை இனிப் பிறக்கக்கூடாது என்ற நோக்கத்தோடு சம்மதித்த பெற்றோருக்கு, மகள் இறந்து இருபது ஆண்டுகளான பின்னும் அவளுடைய உடல் ஓய்வின்றி உலகெங்கும் காட்சிப்படுவது தாங்க இயலாததாயிற்று. எங்கள் பிள்ளையை ஆறுதலாக இருக்க விடுங்கள் என்பதே அவர்கள் விருப்பம். படத்தின் உரிமை ஐலீன் ஸ்மித்திடம் இருந்தது. 1998இல் அவர் அவ்வீட்டுக்குச் சென்று, அப்படம் பற்றித் தீர்மானிக்கும் உரிமையைப் பெற்றோரிடமே கையளித்தார். உலகின் தலைசிறந்த புகைப்படங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட படத்தைப் புதிதாக வெளியிடுவது அதன்பின் நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்தது. 2020இல் வெளிவந்த மினமாட்டா என்னும் திரைப்படத்தில் அக்குளியலறைக் காட்சி மீண்டும் நடித்துக் காட்டப்பட்டபோது பழைய விவாதமும் திரும்ப எழுந்தது.

மறைந்திருந்த நஞ்சைக் காட்ட ஒரு பிள்ளையைக் காட்ட வேண்டியிருந்தது. அது தேவையாயிருந்தது என்றே இன்றும் நான் எண்ணுகிறேன். ஆனால் தேவை முடிந்த பின்னும் காட்டிக்கொண்டிருப்பதற்குத் தேவை என்ற பெயர் பொருந்தாது. என் வகுப்பில் அப்படம் ஓர் உதாரணமாகிவிட்டது. உதாரணத்துக்கு உயிர் இருந்ததென்பதை நான் மறந்துவிட்டேன். அந்த மாணவன் மறக்கவில்லை. அந்த மட்டையை இப்போது நான் வகுப்புக்குக் கொண்டுசெல்வதில்லை. ஆனால் அதன் கதையைச் சொல்வதை நிறுத்தவில்லை. படத்தைக் காட்டாமல் அதைப் பற்றிப் பேச வானொலியே ஏற்ற இடம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனாற்றான். அப்பிள்ளையின் பெயரை நான் இவ்வுரையில் சொல்லாததும் இதனாற்றான்.

படத்துக்குப் பதிலாக இப்போது மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கேட்டைப் படம்பிடித்து, கீழே ஒரு வசனம் எழுதி வாருங்கள் என்பதே அது. இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. பெரும்பாலும் குப்பைமேட்டையும் அடைபட்ட வாய்க்காலையும் கொண்டுவருவார்கள். அவை கண்ணுக்குத் தெரிபவை. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, கரை முழுவதும் வெண்மணலை மூடிய பிளாஸ்ரிக் குருணிகளையும் செத்தொதுங்கிய ஆமைகளையும் நாம் படங்களிற் கண்டு பதறினோம். அந்தக் கேடு தன்னைத் தானே காட்டிக்கொண்டது. காட்டிக்கொள்ளாத கேடுகளே என் பயிற்சியின் பொருள்.

வலிகாமத்து மாணவி ஒருத்தி கொண்டுவந்த படத்தை மறக்க இயலாது. கிணற்றுக் கட்டின் மேல் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் தண்ணீர். வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது. அவ்வளவுதான். கீழே அவள் எழுதியிருந்தாள்: “நாங்கள் இந்தத் தண்ணியைக் குடிக்கிறேல்லை.”

யாழ்ப்பாணத்தாருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிற பிரதேசத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன். வற்றாத ஆறு எதுவுமில்லாத எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதனையே இறைத்துக் குடிக்கிறோம். அதனையே தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறோம். மேலே எது சிந்தினாலும் அதுவும் அவ்வழியே இறங்கும். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் மலகூடக் குழிக் கசிவும் எங்கள் கிணறுகளிற் கலந்திருப்பதை ஆய்வாளர் பல தசாப்தங்களாகச் சொல்லி வருகின்றனர். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாக எழுந்தது. பவுசர்களில் வரும் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்துநின்ற நாட்கள் அவை. உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆந் திகதி தீர்ப்புக் கிடைத்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது.

மினமாட்டாவையும் சுன்னாகத்தையும் ஒரே தராசில் வைக்க நான் முனையவில்லை. நஞ்சும் வேறு, துயரத்தின் அளவும் வேறு. ஒன்றை மட்டும் ஒப்பிடுகிறேன். இரண்டு இடத்திலும் மக்கள் அஞ்சியது தம் வீட்டுக்குள் இருக்கும் நீரையும் உணவையும். இரண்டு இடத்திலும் அது பார்ப்பதற்கு நேற்றுப் போலவே இருந்தது.

அம்மாணவியின் வசனத்தைக் கண்டதும் எழுத்துவழக்குக்கு மாற்றும்படி சொல்லச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘நாம் இந்நீரை அருந்துவதில்லை’ என்று திருத்தி மனத்துக்குள் வாசித்தும் பார்த்தேன். அது ஓர் அறிவித்தல் பலகையைப் போல இருந்தது. அவள் எழுதியதோ ஒரு வீட்டின் குரலாக இருந்தது. இஷிமுரே அம்மையார் ஏன் மீனவரின் மொழியில் எழுதினார் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. திருத்தாமல் புள்ளியிட்டேன். அப்படம் எவரையும் வெட்கப்படுத்தவில்லை; எவருடைய உடலையும் காட்டவில்லை. தண்ணீரை மட்டும் காட்டியது. ஆனால் அந்த வசனம் இல்லாவிடில் அது வெறும் தண்ணீர்ப் படம். காட்சி சொல்லாததைச் சொல் சொல்லிற்று. சொல் காட்டாததைக் காட்சி காட்டிற்று. ஸ்மித்தின் நூலிலும் படங்களுக்கிடையே பக்கம் பக்கமாக எழுத்து இருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

மினமாட்டா விரிகுடாவின் நச்சுச் சேறு அள்ளப்பட்டு, 1990 அளவில் 58 ஹெக்ரெயர் பரப்புக் கடல் நிலமாக்கப்பட்டது. இன்று அங்கே பூங்கா இருக்கிறது. மீன் உண்ணத் தகுந்தது என்று 1997இல் அறிவித்தார்கள். 2,200க்கும் மேற்பட்டோர் நோயாளராகச் சான்றுபெற்றனர். சான்று கிடைக்காமல் நீதிமன்றப் படியேறியவர்கள் அதனிலும் பன்மடங்கினர். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013இல் குமமோட்டோவில் கைச்சாத்திடப்பட்டு, 2017 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மினமாட்டா சமவாயம் என்று அதற்குப் பெயர். இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் ஊரின் கருப்பொருள்களைக் கவனியுங்கள். கிணற்றில் நிறமோ மணமோ மாறினால், குளத்து மீன் மிதந்தால், காகமும் பூனையும் வழக்கத்துக்கு மாறாக நடந்தால், அதற்கு ஒரு வேடிக்கைப் பெயர் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். படம் எடுங்கள். எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதிவையுங்கள். திகதி எழுதிய தொப்புள்கொடிப் பெட்டியே பல ஆண்டுகளின் பின் பேசியது. படத்தில் மனிதர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். எடுப்பதற்கு முன்பு மாத்திரமன்று, எடுத்த பின்பும், ஆண்டுகள் சென்ற பின்பும் கேளுங்கள்.

அன்று வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் இப்போது எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று நான் சரியாகச் சொல்லாத விடை இதுதான் என்று எடுத்துக்கொள்ளட்டும்.